சனிக்கிழமைச் சம்பளக் கவர்: இன்ஹெரிட்டன்ஸா, கம்போசிஷனா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். ஷிப்ட் கணக்கில் வேலை பார்ப்பவர்களும், பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட்காரர்களும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் (ஓஓபி) புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் இந்தச் சம்பளக் கணக்கைத்தான் முதலில் கொடுக்கிறேன். நாய், பூனை, விலங்கு என்று போகும் வழக்கமான உதாரணத்தில் எழாத கேள்வி ஒன்று இதில் எழும். ஒரு கிளாஸிலிருந்து இன்னொரு கிளாஸைப் பிறக்க வைப்பதா, ஒன்றுக்குள் இன்னொன்றை வைத்துக் கோர்ப்பதா? முன்னது இன்ஹெரிட்டன்ஸ், பின்னது கம்போசிஷன்.

அடிப்படை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டிங் டேபிளில் இருக்கும் பேட்டர்ன் அட்டைதான் கிளாஸ். அதை வைத்து வெட்டி எடுக்கும் ஒவ்வொரு பீஸும் ஆப்ஜெக்ட். அட்டை ஒன்றுதான், ஆனால் பீஸுக்குப் பீஸ் நிறம் வேறாக இருக்கலாம். இதற்குமேல் இப்போதைக்கு வேண்டியதில்லை.

இன்ஹெரிட்டன்ஸ் பக்கம் முதலில் போவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் போவது அங்கேதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் வருகிறது, அதில் மரபுரிமத்துக்கென்றே, அதாவது இன்ஹெரிட்டன்ஸுக்கென்றே, ஒரு பாடம் உண்டு. கம்போசிஷனுக்கு அப்படி ஒரு தனிப் பாடம் கிடையாது. அதனால் கல்லூரிக்கு வரும்போதே பிள்ளைகள் மனதில் ஓஓபி என்றால் அப்பா கிளாஸ், பிள்ளை கிளாஸ் என்று பதிந்துபோகிறது. நானும் அப்படித்தான் படித்தேன்.

சொந்தக்காரர் ஒருவரின் சின்ன யூனிட்டுக்கு நான் முதன்முதலாக எழுதிய சம்பள புரோகிராமும் அதே அச்சில்தான் இருந்தது. ‘தொழிலாளி’ என்று ஒரு கிளாஸ்: பெயர், அட்வான்ஸ் பாக்கி, சம்பளம் போடும் மெத்தட். மெத்தட் என்றால் அந்த ஆப்ஜெக்ட் செய்யத் தெரிந்த ஒரு வேலை. அதிலிருந்து பிறந்தவை ‘ஷிப்ட் தொழிலாளி’, ‘பீஸ் ரேட் தொழிலாளி’ என்று இரண்டு. சம்பள மெத்தடை இரண்டும் தன் தன் கணக்குப்படி திருப்பி எழுதிக்கொள்ளும். அழைக்கிற இடத்தில் ‘சம்பளம் போடு’ என்ற ஒரே கட்டளை, ஆளுக்குத் தக்க கணக்கு. பல்லுருவாக்கம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பார்க்க அழகாக இருந்தது, நாலைந்து மாதம் நன்றாகவும் ஓடியது.

ஒரு வாரம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் அண்ணன் ஒருவர் புதன்கிழமையோடு ஷிப்டை விட்டுவிட்டு பீஸ் ரேட்டுக்கு மாறினார். ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்ட் எந்த கிளாஸில் பிறந்ததோ கடைசிவரை அந்த கிளாஸ்தான், இடையில் மாற வழியில்லை. எனவே புரோகிராம் பழைய ஆப்ஜெக்டை எடுத்துவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒரு பீஸ் ரேட் ஆப்ஜெக்டை வைத்தது. கணக்கைப் பாருங்கள். திங்கள் முதல் புதன் வரை நாளுக்கு ஒன்றரை ஷிப்ட், மொத்தம் 4.5 ஷிப்ட், ஷிப்டுக்கு 600 என்றால் 2,700 ரூபாய். வியாழன் முதல் சனி வரை 900 பீஸ், பீஸுக்கு 3.50 என்றால் 3,150. இரண்டும் சேர்ந்து 5,850. அட்வான்ஸ் 1,000 பிடித்தால் கைக்கு வரவேண்டியது 4,850. கவரில் இருந்ததோ 3,150. பழைய ஆப்ஜெக்ட் போனபோது மூன்று நாள் கூலியும் கூடவே போய்விட்டது, அட்வான்ஸ் பாக்கியும் அழிந்துவிட்டது.

“ஏனுங் தம்பி, மூணு நாளு ஓட்டுனது எங்கீங்க?” என்று கேட்டுவிட்டு அவர் கவரை மேஜைமேல் வைத்தார். 1,700 ரூபாய் அவருக்குச் சின்னத் தொகை இல்லை. அன்றைக்கே பேப்பரில் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். ஆனால் தப்பு கூட்டலிலோ கழித்தலிலோ இல்லை. கூலிமுறை என்பது அந்த மனிதரின் பிறவிக் குணம் என்று நான் கிளாஸில் எழுதி வைத்திருந்தேன். அது அவர் இந்த வாரம் ஒப்புக்கொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான்.

கம்போசிஷன் அந்த ஏற்பாட்டைத் தனியே பிரிக்கிறது. ‘தொழிலாளி’ என்று ஒரே கிளாஸ், அதிலிருந்து எதுவும் பிறக்காது. அவருக்குள் ‘வேலைத் தவணை’ என்ற ஆப்ஜெக்டுகளின் பட்டியல் இருக்கும்: திங்கள் முதல் புதன் வரை ஒன்று, வியாழன் முதல் சனி வரை ஒன்று. ஒவ்வொரு தவணைக்குள்ளும் ஒரு ‘கூலிமுறை’. சனிக்கிழமை தொழிலாளி ஆப்ஜெக்ட் தன் தவணைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டி அட்வான்ஸைக் கழிக்கும். ஆள் அதே ஆள், அட்வான்ஸ் அதே இடத்தில். பல்லுருவாக்கமும் போய்விடவில்லை, கூலிமுறைக்கு இடம் மாறியிருக்கிறது. ஜாவாவில் கூலிமுறையை ஒரு இன்டர்ஃபேஸாக, அதாவது ‘இந்தப் பெயரில் ஒரு மெத்தட் இருக்க வேண்டும்’ என்ற ஒப்பந்தமாக, எழுதினால் போதும். பைத்தானில் அதுகூட வேண்டாம், அந்தப் பெயரில் மெத்தட் இருந்தாலே வேலை நடக்கும்.

எண்ணிக்கையிலும் வித்தியாசம் தெரியும். ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங் என்று மூன்று வேலை, இரண்டு கூலிமுறை. எல்லாவற்றையும் இன்ஹெரிட்டன்ஸில் பிரித்தால் ஆறு கிளாஸ், மூன்றாவது கூலிமுறை ஒன்று வந்தால் ஒன்பது. கம்போசிஷனில் மூன்றும் இரண்டும் ஐந்து, பிறகு ஆறு.

பெரிய இடத்திலும் இந்தத் தடுமாற்றம் நடந்திருக்கிறது. ஜாவாவின் ‘ஸ்டாக்’ கிளாஸ், எந்த இடத்திலும் செருகக்கூடிய பட்டியலான ‘வெக்டர்’ கிளாஸிலிருந்து பிறந்தது. ஸ்டாக் என்பது ஈரோட்டு மஞ்சள் குடோனில் போடும் மூட்டை அட்டி மாதிரி, மேலே வைத்ததை மேலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் வெக்டரின் மெத்தட் எல்லாம் சீதனமாக வந்துவிட்டதால், அட்டியின் நடுவில் ஒரு மூட்டையைச் செருகவும் ஜாவா அனுமதிக்கிறது. பழைய புரோகிராம்கள் உடைந்துவிடும் என்பதால் இனி அதை மாற்றவும் முடியாது. ஸ்டாக்குக்குப் பதிலாக, இரு முனையிலும் மட்டும் வைத்து எடுக்கும் ‘டெக்’கைப் (Deque) பயன்படுத்துங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

இதற்காக இன்ஹெரிட்டன்ஸையே தள்ளிவைக்கச் சொல்லமாட்டேன். 1960-களில் ஆஸ்லோவில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற புரோகிராமிங் மொழியிலேயே அது இருந்தது, காரணத்தோடுதான் இருந்தது. வகை மாறவே மாறாது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. பிழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் ‘ஃபைல் இல்லை’ என்ற பிழை, ஆபரேட்டிங் சிஸ்டம் பிழையின் பிள்ளை. அப்பாவைப் பிடித்தால் பிள்ளைகள் எல்லாம் அகப்படும். ‘ஃபைல் இல்லை’ என்ற பிழை வியாழக்கிழமை வேறு பிழையாக மாறப்போவதில்லை. ஆண்ட்ராய்டு மாதிரியான கட்டமைப்புகளிலும் ஆப்பின் ஒரு திரையைக் குறிக்கும் ‘ஆக்டிவிட்டி’ கிளாஸிலிருந்து பிறக்க வைத்துத்தான் ஆரம்பிக்கிறோம், அங்கே தயக்கம் வேண்டாம். கம்போசிஷனில் எழுத்து வேலை கொஞ்சம் கூடும் என்பதும் நிஜம். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டிடம் வேலையைத் தள்ளிவிட ஒவ்வொரு மெத்தடையும் நாமே எழுத வேண்டியிருக்கும்.

ஆனாலும் புதிதாகப் படிப்பவர் எதை முதலில் கைப்பழக்கம் ஆக்க வேண்டும் என்று கேட்டால், கம்போசிஷன் என்றுதான் அடித்துச் சொல்வேன். 2009-ல் வெளிவந்த கோ மொழியில் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸ் இல்லை, ரஸ்ட்டிலும் இல்லை. இரண்டிலும் பெரிய பெரிய மென்பொருள்கள் எழுதப்படுகின்றன. இன்டர்வியூவில் இன்ஹெரிட்டன்ஸ் கேட்பார்கள் என்ற பயம் வேண்டாம், அதை இரண்டு நாளில் படித்துவிடலாம். எதைப் பிறவியாக எழுதுவது, எதை ஏற்பாடாக எழுதுவது என்று பார்க்கும் கண்ணுக்குத்தான் காலம் பிடிக்கும்.

என்னிடம் படிக்கும் பெருந்துறைப் பெண் ஒருத்தி போன வாரம் இதே கணக்கை எழுதிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா செக்கிங்கில் இருக்கிறார். “அண்ணா, எங்கம்மா காலைல ஷிப்ட், ராத்திரி ஓவர்டைம் பீஸ் ரேட்டுங்கண்ணா. ஒரே நாள்ல ரெண்டுங்க” என்றாள். நான் எழுதிய தவணை நாள் கணக்கில்தான் இருந்தது. அவள் அதை மணிக்கணக்காக மாற்றியிருந்தாள். தொழிலாளி கிளாஸில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை.