டிரையம்ஃப் டிஆர்6 வைத்திருப்போர் கவனத்திற்கு: ‘150 குதிரைத்திறன்’ என்று அச்சிட்ட தாளை நம்பி எஞ்சினைப் பெற்றுக்கொள்ளாதீர்கள்

இங்கிலாந்தில் பழைய டிரையம்ஃப் கார்களின் எஞ்சினைப் புதுப்பிக்கக் கொடுக்க நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டின் டிஆர்6. கோவென்ட்ரியின் கான்லி ஆலையில் உருவான, 2,498 சிசி கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனும் கொண்ட வண்டி. புகை அதிகமானதால், மிட்லண்ட்ஸ் பகுதியில் இத்தகைய கார்களை மட்டுமே பார்ப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு பட்டறையில் எஞ்சினை முழுமையாகப் புதுப்பிக்கக் கொடுத்தேன். அதற்கு 6,400 பவுண்டு வாங்கிக்கொண்டு, செய்யாத வேலைகளைச் செய்ததாக பில் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பொய்யை மறைக்கக் குதிரைத்திறன் கணக்கையே திருத்தியும் இருக்கிறார்கள்.

இந்தக் காரின் திறன் பற்றிய அடிப்படை விவரம் தெரிந்தால்தான் நடந்தது புரியும். 1972 வரை வந்த, ‘சிபி’ என்று தயாரிப்பு எண் தொடங்கும் இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு நிறுவனம் அறிவித்தது 150 குதிரைத்திறன், அதுவும் 5,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 5,500 சுழற்சியில்). 1973 மாடலிலிருந்து வந்த ‘சிஆர்’ கார்களுக்கு அது 125 அளவுக்கு இறங்கியது; உச்சமும் 5,000 ஆர்பிஎம்முக்கு வந்தது. இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு அளவிடும் முறை மாறியதால் வந்தது. மறு பங்கு, வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக, கேம்) மாறியதால் வந்தது. சிபி கேமில், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 35 டிகிரி (எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் சுழலும் கோணத்தில்) முன்பே திறந்துவிடும். சிஆர் கேமில் 18 டிகிரிக்கு முன்புதான் திறக்கும். அதனால்தான் முந்தைய எஞ்சின் ஐட்லிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) சற்றுத் தடுமாறி, மேல் வேகத்தில் சீறும். பிந்தையது அமைதியாக நின்று, மேலே போகப் போகச் சோர்ந்துவிடும். என் பில்லில் ‘சிபி அளவிலான புதிய கேம்ஷாஃப்ட்’ என்று தெளிவாக எழுதி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருந்தார்கள்.

வண்டியை ஒப்படைத்தபோது ஐட்லிங் தையல் இயந்திரம் போல ஒரே சீராக இருந்தது. அதையே தங்கள் வேலையின் தரத்துக்குச் சான்றாகக் காட்டினார்கள். கூடவே ரோலிங் ரோடு (சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி) சோதனையின் தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். அதில் உச்சத் திறன் 150 என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் 4,500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் வண்டிக்கு இழுவையே இல்லை.

அந்தத் தாளை உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. முதலாவதாக, 150 என்ற உச்சம் 5,000 ஆர்பிஎம்மில் விழுந்திருந்தது. அது சிபி எஞ்சினின் குணமே அல்ல. அடுத்தது இதைவிட முக்கியம். குதிரைத்திறன் என்பது, அடி-பவுண்டில் அளந்த டார்க்கை, அதாவது முறுக்கு விசையை, ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் கிடைப்பது. ஆகவே இரண்டையும் ஒரே அளவுகோலில் வரைந்தால், எந்தக் காராக இருந்தாலும் இரண்டு கோடுகளும் 5,252 ஆர்பிஎம்மில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். என் தாளில் அவை 4,300க்குச் சற்று முன்பே வெட்டிக்கொண்டன. 5,000 ஆர்பிஎம்மில் டார்க் 128 என்று இருந்தது. அதற்குரிய திறன் 122தான் வரும். டார்க் கோட்டை அப்படியே விட்டுவிட்டுத் திறன் கோட்டை மட்டும் தூக்கி வரைந்திருக்கிறார்கள். தாளில் வண்டியின் பதிவெண்ணும் இல்லை, சோதனை நேரத்து வெப்பநிலையும் இல்லை, சக்கரத்தில் அளந்த திறனும் இல்லை. ரோலிங் ரோடு நேரடியாக அளப்பது சக்கரத்தில் வரும் திறனைத்தான். எஞ்சினின் திறன் அதிலிருந்து மதிப்பிடப்படுவது. அந்த மூல அளவு இல்லாத தாளுக்கு மதிப்பே கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு வேறொரு எஞ்சின் வல்லுநரிடம் காட்டினேன். அவர் கிராங்க்‌ஷாஃப்டின் புல்லியில் கோணத்தைக் காட்டும் டிகிரி வட்டும், வால்வை அழுத்தும் ராக்கரில் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜும் பொருத்திப் பார்த்தார். இன்லெட் வால்வு 18 டிகிரியில் திறந்து, பிஸ்டன் கீழ்நிலையைத் தொட்ட பின் 58 டிகிரியில் மூடியது. அச்சு அசலாக சிஆர் கேம். லூகாஸ் மீட்டரிங் யூனிட், இன்டேக் குழாயின் வெற்றிட அளவைப் பார்த்துத்தான் பெட்ரோலை அளந்து விடுகிறது. கேம் மாறினால் அந்த வெற்றிடமும் மாறும். எனவே சிபி அளவுக்குச் சரிசெய்த யூனிட்டோடு இந்தக் கேம் ஒருபோதும் ஒத்துப்போகாது.

என்னை உண்மையில் கோபப்படுத்தியது அதற்கடுத்ததுதான். கிளட்சை மிதித்தபோது, முன்பக்கப் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தது. இந்த எஞ்சினின் நன்கு அறிந்த பலவீனம் கிராங்க்‌ஷாஃப்டின் முன்பின் நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்தால், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குள் விழுந்துவிடும், பிறகு கிராங்க் பிளாக்கையே அரைத்துத் தின்றுவிடும். 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய நகர்வு 0.4ஆக இருந்தது. சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், ‘புதியவை’ என்று பில் போட்ட வாஷர்களின் எண்ணெய்ப் பள்ளங்கள் ஏறக்குறைய மறையும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. விலை மிகக் குறைந்த ஒரு பாகத்தை மாற்றாமல், ஒரு எஞ்சினையே பலியிடத் துணிந்திருக்கிறார்கள்.

வேலை கொடுப்பவர்கள், சம்ப்பை மூடுவதற்கு முன் டயல் கேஜ் வைத்த படத்தையும், கேமோடு வரும் டைமிங் அட்டையையும் (வால்வு திறந்து மூடும் கோணங்கள் உள்ளது), கழற்றிய பழைய பாகங்களையும் தர வேண்டும் என்று எழுத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கட்டணத்தின் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான விலைக்கு, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். இந்தப் பட்டறை வங்கி வழிப் பணம் மட்டுமே ஏற்றது. அதன் காரணம் இப்போது எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி வேலையைத் திரும்பச் செய்து தரவோ கட்டணத்தைக் குறைக்கவோ வேண்டும் என்று, வல்லுநரின் அறிக்கையோடு கடிதம் அனுப்பினேன். ‘ஒவ்வொரு ரோலிங் ரோடும் ஒவ்வொரு மாதிரி காட்டும்’ என்று பதில் எழுதி, கேமின் விலையை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நான் ஏற்கவில்லை. தொகை 10,000 பவுண்டுக்குள் இருப்பதால் சிறு உரிமைக் கோரிக்கையாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவிருக்கிறேன். அந்த வாஷர்களையும் அவர்கள் கொடுத்த தாளையும் சான்றாக ஒப்படைப்பேன்.