திக்லிபூர் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அந்தமானில் ஹேவ்லாக், நீல் தீவுகளின் கூட்டம் வேண்டாம், ஆள் நடமாட்டமில்லாத கடற்கரை வேண்டும் என்று வடக்கே திக்லிபூர் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ராஸ், ஸ்மித் இரட்டைத் தீவுகளும் காலிப்பூர் கடற்கரையும் அங்கேதான் இருக்கின்றன. இடத்தில் ஒரு குறையும் இல்லை. அதை விற்கிறவர்களிடம்தான் கவனம் வேண்டும்.

போர்ட் பிளேரில், இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்தில், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. நாங்கள் பிடித்த டிராவல்ஸ்காரரும் தமிழர். “நம்ம ஆளுங்கள ஏமாத்தி எனக்கு என்னண்ணே ஆகப்போகுது” என்றார். நான்கு பேருக்கு 46,000 ரூபாய். வண்டி, காலிப்பூரில் கடலைப் பார்த்த அறை, தீவுக்குத் தனிப் படகு, இரவில் ஆமை முட்டையிடுவதைக் காட்டுவது எல்லாம் அதில் அடக்கம் என்றார். முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார். ரசீதில் ‘வட அந்தமான் பேக்கேஜ்’ என்று ஒரே வரி. விவரமாக எழுதிக் கேட்டதற்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றார். வரவே இல்லை.

சாலை வழி 300 கிலோமீட்டருக்கு மேல். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு வழியாக, குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வண்டிகளை வரிசையாக அனுப்புகிறார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஆனால் எங்கள் டிரைவர் வேகத்தைக் குறைத்து, “போன எடுத்து ரெடியா வச்சுக்கங்க சார்” என்றார். என் மனைவி அங்கேயே அவரைக் கண்டித்துவிட்டாள். அந்த மக்களைப் பாதுகாக்க 1956லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. ஜாரவா காட்டுகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். மனிதர்களைக் காட்சிப் பொருளாக விற்கிறவர் உங்களிடம் மட்டும் நேர்மையாக நடந்துகொள்ள மாட்டார்.

அறை காலிப்பூரில் இல்லை. திக்லிபூர் பஜாருக்குப் பின்னால், ஒரு கிடங்கை ஒட்டி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சுவர். போன் செய்தால், “சீசன்ணே, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.”

படகு விஷயம்தான் முக்கியம். ராஸ், ஸ்மித் தீவுகளின் அழகே இரண்டையும் இணைக்கும் வெள்ளை மணல் திட்டுதான். கடல் நீர் வற்றும்போது ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். ஏறும்போது திட்டு தண்ணீருக்குள் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டுதான், எத்தனை மணிக்குப் போனால் மணல் தெரியும் என்று முன்பே டிராவல்ஸ்காரரிடம் கேட்டிருந்தேன். “எப்பப் போனாலும் தெரியும்ணே.” பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்தரை மணிக்கு எங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். இரண்டு தீவுக்கும் நடுவே கடல்தான் இருந்தது. படகுக்காரர் ஒரு வங்காளி, நல்ல மனிதர். தண்ணீர் வற்றப் பிற்பகல் ஆகும், அதுவரை காத்திருக்கத் தனக்குச் சொல்லவில்லை, அடுத்த நடைக்குப் போயாக வேண்டும் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னார். தனிப் படகு என்று சொல்லியிருந்தார்களே, அதில் எங்களோடு இன்னொரு குடும்பமும் இருந்தது. ஏரியல் பே படகுத்துறையில் விசாரித்தபோதுதான், படகுக்கு மொத்தமாக ஒரு வாடகை, அதை ஏறுகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வதுதான் வழக்கம் என்றார்கள். எங்களிடம் வாங்கியதில் முழுப் படகுக்கே காசு தேறியிருக்கும்.

அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். அந்த நேரமும் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றுவதும் அதிகம். அதனால் எல்லா நாளும் காலை பத்து மணிப் படகு என்று சொல்கிறவர் உங்களுக்காக அல்ல, தன் வசதிக்காகவே நேரம் குறித்திருக்கிறார். ஒன்று முக்கியம்: போர்ட் பிளேருக்கு எதிரிலும் ஒரு ராஸ் தீவு உண்டு. 2018ல் அதற்கு நேதாஜி பெயர் வைத்தார்கள், ஆனால் பழைய பெயரிலேயே இன்னும் விற்கிறார்கள். எந்த ராஸ் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

எனக்கு இன்றும் ஆறாதது ஆமைதான். காலிப்பூருக்கு ஆலிவ் ரிட்லி ஆமை, பச்சை ஆமை உட்பட நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. எங்களை அழைத்துப்போனவர் வனத்துறை ஆள் இல்லை, டிராவல்ஸ்காரர் அனுப்பிய பையன். கரையேறிக் கொண்டிருந்த ஓர் ஆமையின் முகத்துக்கு நேரே டார்ச்சை அடித்தான். அணைக்கச் சொல்லிக் கத்தினேன். அதற்குள் அது திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது, முட்டையிடாமலே. குழி தோண்டும் முன் வெளிச்சமோ சத்தமோ பட்டால் அவை அப்படித்தான் திரும்பிவிடும். என் மகள் அழுதுவிட்டாள். இதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறோம். ஆமை பார்க்க வேண்டுமானால் அங்குள்ள வனத்துறையிடம் நேரே கேளுங்கள், தனியார் யாரையும் நம்பிப் போகாதீர்கள்.

முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். விடுதியின் பெயர், படகு தனியா பங்கா, கிளம்பும் நேரம், காத்திருக்கும் நேரம் எல்லாம் ரசீதிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வழக்குப் போட அந்தமானுக்குப் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம்.

நான் புகார் கொடுத்தபின் அந்த டிராவல்ஸ்காரரிடமிருந்து போன் வந்தது. பாதிப் பணம் தருகிறாராம், எங்கேயும் எழுதக் கூடாதாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை.