பழைய ஆடி டிடியா, பழைய பிஎம்டபிள்யூ இசட்4-ஆ? புதுச்சேரியில் வைத்துப் பராமரிக்க எது தோது?

இரண்டு கதவு வண்டி வேண்டும் என்று ஆறு மாதம் அலைந்தேன். கடைசியில் கையில் நின்றவை இரண்டு: 2012 ஆடி டிடி, 2011 பிஎம்டபிள்யூ இசட்4. டிடியை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, அதனால் என் மனம் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை. இசட்4-ஐ ஒரு ஞாயிறு காலை மரக்காணம் வரை ஓட்டியதோடு சரி. அதைப் பற்றி இங்கே வருவதெல்லாம் அந்த ஒரு காலையும், படித்ததும், மெக்கானிக்குகளிடம் கேட்டதும்தான்.

ஓட்டும் சுகத்தில் இசட்4 ஒரு படி மேல். 35ஐ மாடலில் ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 பிஎஸ் (குதிரைத்திறன்). என் டிடி நான்கு சிலிண்டர், 211 பிஎஸ். இசட்4-இன் கூரை 20 விநாடியில் மடிந்து உள்ளே போய்விடும், மூடினால் கெட்டிக் கூரை போட்ட கூபே. மரக்காணத்து உப்பளங்களுக்கு நடுவே கூரையைத் திறந்து ஓட்டிய அந்தக் காலையை இன்னும் மறக்கவில்லை.

நான் முடிவெடுத்தது வேறு ஒரு விஷயத்தை வைத்து. பத்து வயது தாண்டிய வண்டிக்கு உறவுக்காரர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மனிதர்களைச் சொல்லவில்லை, ஒரே பாகங்களைப் போட்டுக்கொண்டு ஓடும் மற்ற கார்களைச் சொல்கிறேன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் டிடியை ராம்பில் ஏற்றிப் பார்த்த மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "தம்பி, மேலதான் ஆடி. கீழ லாரா." அப்படியே உண்மை. 2006 முதல் 2014 வரை வந்த டிடியின் அடித்தளம் ஸ்கோடா லாராவுக்கும் பழைய ஜெட்டாவுக்கும் இருக்கும் அதே அடித்தளம். என் வண்டியின் இன்ஜின், லாராவிலும் சூப்பர்பிலும் வந்த 1.8 டிஎஸ்ஐ பெட்ரோல் இன்ஜினின் அதே குடும்பம். ஆறு கியர் டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் கியர்பாக்ஸ்), டீசல் லாராவில் பார்த்ததுதான். நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஹால்டெக்ஸ், ஸ்கோடா எட்டி 4x4-இலும் உண்டு. இந்தக் கார்களைப் பத்து வருடமாகக் கழற்றி மாட்டிய கைகள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கின்றன. ஸ்பேர்ஸ் கடையில் "டிடி" என்று சொல்லாமல் பார்ட் நம்பரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், விலையே வேறு மாதிரி வரும்.

இசட்4 35ஐயின் என்54 இன்ஜினுக்கு நம் நாட்டில் உறவு அந்தக் காலத்து 740எல்ஐ. செவன் சீரிஸ் வண்டிக்கு வாங்கும் விலைதான் இதற்கும். அந்த இன்ஜினில் உயர் அழுத்த பெட்ரோல் பம்ப் ஊரறிந்த பலவீனம். 2010-இல் அமெரிக்காவில் அதற்காகவே ரீகால் அறிவித்து வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இன்ஜெக்டர், எலக்ட்ரிக் வாட்டர் பம்ப், வால்வ் கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிவு, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டில் சத்தம் என்று வரிசை நீளும். ஒவ்வொன்றும் சரிசெய்யக்கூடியதே. ஆனால் ஒன்றை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வரும் வயதில்தான் இந்த வண்டிகள் இப்போது இருக்கின்றன.

டிடி குறையில்லாத வண்டி என்று சொல்ல மாட்டேன். எந்த வருட மாடல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆரம்ப கால 200 பிஎஸ் வண்டிகளில், வால்வும் பிஸ்டனும் ஒரே தாளத்தில் ஓட வைக்க டைமிங் பெல்ட். பெட்ரோல் பம்பைத் தள்ளும் கேம் ஃபாலோயர் என்ற சின்னக் கிண்ணம் தேய்ந்துபோகும். அது சில ஆயிரத்தில் முடிகிற வேலை. கவனிக்காமல் விட்டு ஓட்டை விழுந்தால் கேம்ஷாஃப்ட்டையும் பம்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். பின்னால் வந்த 211 பிஎஸ் வண்டிகளில் பெல்ட்டுக்குப் பதில் செயின். அங்கே பயம், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். அது தளர்ந்து செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும், கணக்கு லட்சங்களுக்குப் போய்விடும். பிற்பாடு டென்ஷனரை மாற்றி வடிவமைத்தார்கள். டைமிங் கவரில் உள்ள சின்ன ரப்பர் மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தால் பழையதா புதியதா என்று தெரிந்துவிடும். நான் பணம் கொடுப்பதற்கு முன் செய்த முதல் வேலை அதுதான். இந்த இன்ஜின்களில் சில ஆயில் குடிக்கும், ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை மாதம் இருமுறை பார்ப்பது நல்லது. காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வில் கார்பன் படிவதும் உண்டு. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ எதுவும் இல்லை.

டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும். எனக்கு 18,000 ரூபாய் ஆனது. முந்தைய ஓனரிடம் அந்த பில் இல்லாததால் வாங்கிய வாரமே மாற்றினேன். மேக்னெட்டிக் ரைடு (காந்தத்தால் விறைப்பு மாறும்) ஷாக் அப்சார்பர் உள்ள டிடி வந்தால் நான்கையும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், விலை மிக அதிகம். சாதாரண ஷாக் உள்ள வண்டியே நம் ரோட்டுக்குப் போதும். அரியாங்குப்பத்திலிருந்து கடலூர் வரை எத்தனை வேகத்தடை என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் கடல். இசட்4-இன் கூரை, ரப்பர், ஹைட்ராலிக், மோட்டார், சென்சார் என்று நகரும் பாகங்கள் நிறைந்தது. உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் அதற்கு ஆகாது. டிடியின் கூரை நிலையானது. பாடியில் முன்பக்கம் பெரும்பகுதி அலுமினியம், பின்பக்கம் இரும்பு. துருவுக்குப் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அலுமினியத்தில் அடிபட்டால் மட்டும் சாதாரண டிங்கரிங் பட்டறைக்கு விடாதீர்கள், சென்னைக்கே கொண்டுபோங்கள்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்குப் பிறகு தண்ணீரில் நின்ற வண்டிகள் பல ஊர்களுக்கு விற்பனைக்குப் போயின. சென்னையில் ஒரு புரோக்கர் எனக்குக் காட்டிய வண்டி பளபளவென்று இருந்தது. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தேன், கடைசி ஒரு அடியில் சேற்றுக் கறை. அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த இரண்டு காரில் எதுவானாலும் சீட் பெல்ட்டை அப்படி இழுத்துப் பாருங்கள். வண்டியைக் காலையில் குளிர்ந்த இன்ஜினோடு முதல் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். டிடியில் அந்த முதல் இரண்டு விநாடி கடகட சத்தம்தான் செயினைப் பற்றிச் சொல்லும்.

சென்னையிலேயே இருந்து, இன்னொரு கார் தினசரிக்கு வைத்திருந்து, மூடிய ஷெட்டும் இருந்தால் இசட்4-ஐயே எடுத்திருப்பேன். எனக்கு இருப்பது முத்தியால்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஓர் இடம். அதில் டிடி நிற்கிறது. தை மாதம் ஹால்டெக்ஸ் ஆயில் மாற்ற வேண்டும், எட்டிக்குப் போடும் அதே ஆயிலை அண்ணன் வாங்கி வைத்திருக்கிறார்.