சமுதாயக் கல்லூரி வெப் டிசைனிங் கோர்ஸ், சேலம்: சேரலாமா? சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

சேலத்தில் வெப் டிசைனிங் படிக்க இரண்டு வழி. ஒன்று, மெயின் ரோட்டு மாடிகளில் போர்டு மாட்டியிருக்கும் சென்டர்கள். மூன்று மாதத்தில் எல்லாம் வந்துவிடும் என்பார்கள். இன்னொன்று, சமுதாயக் கல்லூரி டிப்ளமோ. ரெக்கார்டு நோட் எழுதச் சொல்வார்கள், வைவா என்ற வாய்மொழித் தேர்வு வைப்பார்கள், பாடத்திட்டம் கொஞ்சம் பழையதாக இருக்கும். இந்த இரண்டாவது வகையைத்தான் இங்கே எடை போடுகிறோம். எந்த ஒரு கல்லூரியையும் மனதில் வைத்து எழுதியதல்ல.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் கணினி இல்லாதவர், தானாக உட்கார்ந்து படிக்க முடியாதவர், சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்பவர் தாராளமாகச் சேரலாம். லேப்டாப்பும் நெட்டும் வீட்டில் இருந்து, படிக்கிற பழக்கமும் இருந்தால் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். சேருகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: முதல் வாரமே ஊரில் நிஜமாக நடக்கும் ஒரு தொழிலைப் பிடித்து, அதற்கான தளத்தைப் பாடத்தோடு பாடமாகக் கட்டிக்கொண்டே வர வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுக் கடை, ஒரு மாம்பழ மண்டி, ஏற்காட்டில் நாலு அறை வைத்து வாடகைக்கு விடுபவர், யாராக இருந்தாலும் சரி. கடைசி மாதம் புராஜெக்ட் என்று ஒன்றைத் தேடினால் அதற்குள் லேப் நேரம் தீர்ந்திருக்கும்.

பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்து நிதானமாகப் பாருங்கள். ஃப்ளாஷ் (பழைய அனிமேஷன் மென்பொருள்) என்று ஒரு யூனிட் இருந்தால் உஷார். அடோபி அதை 2020 டிசம்பர் 31 உடன் மூடிவிட்டது. ஃப்ரேம்செட், மார்க்கீ, ஃபான்ட் டேக், டேபிள் வைத்துப் பக்கம் பிரிப்பது என்று நிறைய இருந்தால் அதுவும் பழங்கணக்கு. சர்வரில் ஓடும் மொழியான பிஎச்பி இருந்தால் டேட்டாபேஸை எதன் மூலம் இணைக்கிறார்கள் என்று கேளுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸுக்கான பழைய கட்டளைகள் 2015இல் வந்த பிஎச்பி 7இலேயே எடுக்கப்பட்டுவிட்டன. மைஎஸ்கியூஎல்ஐ அல்லது பிடிஓ என்று பதில் வந்தால் நல்லது. பக்கத்தில் பெட்டிகளை அடுக்க உதவும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட், மொபைலுக்கு ஏற்ற வடிவமைப்பு ஆகிய மூன்றும் பாடத்திட்டத்தில் இல்லாமல் போனாலும் சேரக்கூடாது என்பதில்லை. நடத்துகிற சாருக்கோ மேடத்துக்கோ அவை தெரிந்திருந்தால் போதும். எனவே பாடத்திட்டத்தை விட ஆளைப் பார்ப்பதே மேல்.

அடுத்தது லேப். கட்டணத்தை மொத்த லேப் மணியால் வகுத்துப் பாருங்கள். வகுப்பறை மணியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம் என்றால் அந்த மணியிலும் பாதிதான் உங்களுக்கு. ஷட்டவுன் செய்தால் அன்றைய வேலை மொத்தமும் அழிந்துவிடும்படி சில லேபுகளில் பூட்டி வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் பென் டிரைவ் கட்டாயம். புது சாஃப்ட்வேர் போட அனுமதி இல்லையா? விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டரை ஜிப் வடிவில் இறக்கி, பென் டிரைவில் விரித்து, அந்த ஃபோல்டருக்குள் ‘டேட்டா’ என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் ஒரு காலி ஃபோல்டர் போட்டுவிட்டால் செட்டிங்ஸ் எல்லாம் அதற்குள்ளேயே தங்கும். எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தாலும் உங்கள் எடிட்டர் உங்களோடு வரும். லேப் பென் டிரைவ்களில் வைரஸ் சகஜம் என்பதால் ஒவ்வொரு நாளும் கடைசிப் பத்து நிமிடம் கிட்ஹப் என்ற ஆன்லைன் சேமிப்பகத்தில் ஏற்றிவிட்டு எழுந்திருங்கள். அங்கே ஏற்ற உதவும் கிட் என்ற கருவி பெரும்பாலும் பாடத்தில் இருக்காது. நான்கு கட்டளைகள் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி எல்லோருக்கும் புலம்பல்தான். கணினியில் ஓடிய புரோகிராமைக் கையால் எழுதி என்ன பயன் என்று கேட்பது நியாயமே. அதை மாற்ற முடியாது. சீக்கிரம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு மறந்துவிடுங்கள். பயன் தருவது லேபிலேயே குறிப்பெடுக்கும் அப்சர்வேஷன் நோட். என்ன தெரிந்தது, எதனால், எப்படிச் சரியானது என்று மூன்று கட்டம் பிரித்து ஒவ்வொரு பிழையையும் எழுதி வையுங்கள். இருபது பிழை எழுதியதும் பார்த்தால், அவை நாலைந்து காரணங்களுக்குள் அடங்கிவிடும். அவற்றில் முதலில் வருவது படம் தெரியாத பிழை. லேபில் தெரிந்த படம் நெட்டில் ஏற்றியதும் காணாமல் போகும். விண்டோஸ், ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. பெரும்பாலான சர்வர்கள் ஓடும் லினக்ஸ் பார்க்கும். அல்லது படம் இருக்கும் இடத்தைக் காட்டும் வழி ‘சி டிரைவ்’ என்று தொடங்கியிருக்கும். அது உங்கள் மேசைக்கு வெளியே யாருக்கும் இல்லாத வழி. எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு, எல்லா வழியும் ஃபோல்டருக்குள்ளிருந்தே. இந்த வழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் பலர் சறுக்குவது பெட்டிக் கணக்கில். 300 பிக்சல் அகலம் கொடுத்து, இரண்டு பக்கமும் 20 பேடிங் (உள் இடைவெளி), 1 பார்டர் (விளிம்புக் கோடு) வைத்தால் பெட்டி 342 ஆகிவிடும். மூன்று பெட்டி 1026. 900 பிக்சல் இடத்தில் மூன்றாவது கீழே இறங்கி உட்காரும், மாணவர் பெட்டிகளைப் பக்கவாட்டில் அடுக்கும் ஃப்ளோட் கட்டளையைத் திட்டிக்கொண்டிருப்பார். ஸ்டைல்ஷீட்டின் முதல் வரியிலேயே எல்லா எலிமென்ட்டுக்கும் பாக்ஸ் சைஸிங்கை பார்டர் பாக்ஸ் என்று வைத்துவிட்டால் பேடிங்கும் பார்டரும் 300க்குள்ளேயே அடங்கும். திரை அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் விட்டுப்போனால் போன் அந்தப் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். லேபில் பெரிய திரையிலேயே வேலை செய்வதால் இது கண்ணில் படாது. குரோமில் எஃப்12 தட்டி, போன் படம் போட்ட பொத்தானை அழுத்தி 360 பிக்சல் அகலத்தில் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

தமிழ்ப் பக்கம் என்று வந்தால் கோர்ஸ் கையை விரித்துவிடும். ஊர்க் கடைக்குத் தளம் போடுகிறவருக்கு மிகவும் தேவைப்படும் பகுதி இதுதான், பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இருக்காது. கடைக்காரரிடம் மேட்டர் கேட்டால் பிரஸ்ஸில் நோட்டீஸ் அடித்த ஃபைலைக் கொடுப்பார். அது பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், பக்கத்தில் ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த எழுத்துரு. அது இல்லாத போனில் வேஷம் கலைந்துவிடும். பாமினி எழுத்துருவையே தளத்தில் ஏற்றி ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கூகுள் தேடலில் சிக்காது. எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்கி, ஒரு முறை வரிவரியாகப் படித்துத் திருத்துங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருப்பது வழக்கம். புதிதாகத் தட்டச்சுப் பழகுகிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையில் தொடங்கினால் போதும்.

பிறகு பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக் குறியீடு யூடிஎஃப் 8 என்ற அறிவிப்பு முதல் வரிகளிலேயே இருக்க வேண்டும், மொழி தமிழ் என்றும் குறிக்க வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று இலவசமாக நல்லவை உண்டு. ஒன்றே ஒன்றை, சாதாரணம், தடிமன் என இரண்டு கனத்தில் மட்டும் எடுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு கனமும் தனி ஃபைல், தனி டவுன்லோடு. ஆங்கில டெம்ப்ளேட்டில் வரி உயரம் 1.4 என்று இருந்தால் தமிழுக்கு 1.7 ஆக்குங்கள். மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘கு’வின் வாலும் முட்டாமல் இருக்கும். தலைப்பில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும் அலங்காரத்தைத் தமிழுக்கு எடுத்துவிட வேண்டும். ‘கொலுசு’ உதிரி உதிரியாக நிற்கும். சாய்வெழுத்தும் வேண்டாம். பொத்தான்களுக்கு அகலம் நிர்ணயிக்காதீர்கள். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிந்த சொல் தமிழில் ‘முன்பதிவு செய்ய’ என்று நீளும், பாதி வெளியே தொங்கும். பேடிங் மட்டும் கொடுத்தால் சொல்லுக்குத் தக்கபடி பொத்தான் விரியும்.

படங்களுக்கு வருவோம். இன்றைய போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், மூன்று நான்கு எம்பி இருக்கும். ஏற்காட்டு விடுதிக்குப் பத்துப் படம் அப்படியே போட்டால் ஒரு பக்கம் முப்பது நாற்பது எம்பி. அந்த விடுதியின் வாடிக்கையாளர் எங்கே அந்தப் பக்கத்தைத் திறப்பார்? அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது, சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில், வழி கேட்கத் திறப்பார். ஆகவே படத்தை 1200 பிக்சலுக்குச் சுருக்கி, தரம் 75 வைத்து, வெப்பி வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் வரும். ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவி பிரவுசரிலேயே இதைச் செய்யும். அகலமும் உயரமும் டேக்கில் குறித்துவிட்டால் படம் வரும்போது பக்கம் குதிக்காது. கீழே இருக்கும் படங்களுக்கு, பார்ப்பவர் அங்கே வரும்போது மட்டும் இறக்கும் லேசி லோடிங் கொடுங்கள். முதல் படத்துக்குக் கொடுத்தால் அதுவே தாமதம். முகவரியையும் போன் நம்பரையும் படத்துக்குள் எழுதிப் போடுவது நம் ஊர் வழக்கம். படம் இறங்காவிட்டால் கடையே இல்லை. எழுத்தாகப் போட்டு, நம்பரைத் தொட்டால் அழைப்பு போகும்படி இணையுங்கள். குரோமின் நெட்வொர்க் பகுதியில் வேகத்தை ‘ஸ்லோ’ வகைக்குக் குறைத்து வைத்து ஒருமுறை திறந்து பார்த்தால் மலைப்பாதை லேபுக்கே வந்துவிடும்.

கொலுசுக் கடை எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று: ஃப்ளாஷ் போட்டு வெள்ளியைப் படம் எடுத்தால் வெள்ளைத் தீற்றல்தான் மிஞ்சும். கறுப்பு அல்லது அடர் நீலத் துணியில் ஜன்னல் ஓரம் வைத்து, நேர் வெயில் படாமல், ஃப்ளாஷை அணைத்து எடுங்கள். விலையை எழுதி வைக்காதீர்கள். வெள்ளி விலை தினமும் மாறும். எடையையும் மாடல் நம்பரையும் மட்டும் போட்டு வாட்ஸ்அப் இணைப்பு கொடுங்கள். அந்த இணைப்பில் நம்பருக்கு முன் 91 வேண்டும், கூட்டல் குறி கூடாது.

பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பாடம் அலர்ட் பெட்டியிலும் ஃபார்ம் சோதனையிலும் முடிந்துவிடும். அது போதாதுதான், ஆனால் மெனு திறந்து மூடுவது, படத் தொகுப்பு, பத்து இலக்க மொபைல் எண் சரிபார்ப்பு ஆகிய மூன்றையும் எங்கும் காப்பி அடிக்காமல் எழுதினால் அடித்தளம் விழுந்துவிடும். ஸ்கிரிப்டைத் தலைப்பகுதியில் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று நிற்பவர்கள் அதிகம். பக்கம் கட்டப்படும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடி, இல்லாத பொத்தானைத் தேடித் தோற்றுவிடுகிறது. ஸ்கிரிப்டைத் தனி ஃபைலாக்கி, அதை இணைக்கும் டேக்கில் ‘டிஃபர்’ என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

பிஎச்பி வகுப்பில், சிஸ்டத்தையே சர்வராக்கும் ஸாம்ப் திறந்ததும் அதிலுள்ள அப்பாச்சி சர்வர் ஓட மறுத்தால், அதற்கான 80ஆம் போர்ட்டை (வாசல் எண்) வேறு ஏதோ சாஃப்ட்வேர் பிடித்திருக்கலாம். செட்டிங் ஃபைலில் 8080 ஆக்குங்கள். இதைவிடப் பெரிய பள்ளம், லோக்கல்ஹோஸ்டில், அதாவது சொந்த சிஸ்டத்துக்குள் மட்டும் ஓடுவதோடு புராஜெக்டை முடித்துக்கொள்வது. அது அந்த ஒரு சிஸ்டத்தோடு செத்துவிடும். தளத்தை நெட்டில் வைக்கும் கிட்ஹப் பேஜஸ் இலவசம், ஆனால் பிஎச்பி ஓடாது. எனவே கடைத் தளத்தை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்டில் மட்டும் கட்டி அங்கே ஏற்றுங்கள். டேட்டாபேஸ் பாடத்துக்கு லேப் சிஸ்டத்திலேயே தனியாக ஒரு சின்னப் பதிவேடு செய்து காட்டினால் மதிப்பெண்ணுக்கு ஆயிற்று. சொந்த டொமைன் (தள முகவரி) வாங்கினால் கடைக்காரர் பெயரிலும் அவர் மெயிலிலும் பதிவு செய்யுங்கள். மாணவர் பெயரில் பதிந்தால், அவர் வேலைக்குப் போன வருடம் புதுப்பிக்க ஆளில்லாமல் தளம் மறைந்துவிடும்.

புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி நீதி சொல்ல இங்கே இடமில்லை. வைவாவில் ‘இந்தப் பொத்தானைப் பச்சையாக்கு’ என்று சொன்னால் எந்த ஃபைலைத் திறப்பது என்று தெரியாமல் வாங்கியவர்கள் விழிப்பார்கள், அவ்வளவே. நாலு பேர் குழு என்றால் பக்கம் பக்கமாகப் பிரியுங்கள். ஒருவர் டிசைன், ஒருவர் கோடிங், ஒருவர் டாக்குமென்டேஷன் என்று பிரித்தால் ஒருவர்தான் படித்திருப்பார்.

சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் டிசைன் வேலைக்குக் கேட்பது நீங்கள் கட்டிய தளத்தின் லிங்க்.

வைவா அன்று ஒரு விஷயம். லேபில் நெட் போய்விடலாம். எழுத்துருவை கூகுளிலிருந்தும் பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பை வெளி சர்வரிலிருந்தும் இழுக்கும் பக்கம், நெட் இல்லாமல் திறந்தால் வெறும் நீல லிங்க்குகளாகக் கலைந்து கிடக்கும். முதல் நாளே அந்த ஃபைல்களை இறக்கி புராஜெக்ட் ஃபோல்டருக்குள் வைத்து, வழிகளை மாற்றி, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். அந்த ஃபோல்டரை இரண்டு பென் டிரைவில் வைத்துக்கொண்டு போங்கள்.