பிரிண்ட் விற்கும் தளங்கள்: எது எதற்கு உதவும், எங்கே கை சுடும்

எடுத்த படத்தைப் பிரிண்டாக ஆன்லைனில் விற்க நாலு வழிதான் உருப்படியாக இருக்கிறது. ஃபைன் ஆர்ட் அமெரிக்கா போன்ற சந்தைத் தளம். எட்ஸியில் ஒரு கடை. ஸ்மக்மக் மாதிரி, படங்களைக் காட்டும் கேலரியும் அச்சடிக்கும் லேபும் சேர்ந்த சேவை. சொந்த இணையதளத்தில் கடை போட்டு, அச்சடித்து அனுப்பும் வேலையை மட்டும் புரோடிஜி, கெலாட்டோ போன்றவர்களிடம் விடுவது. ஒப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கமிஷன் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கமிஷன் வித்தியாசத்தை விலையில் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாதவை இரண்டு: படத்தின் ஓரத்தை யார் வெட்டுகிறார்கள், வாங்கியவரின் தொடர்பு யாரிடம் இருக்கிறது. இந்த மதிப்பீடு அந்த இரண்டையும் வைத்துத்தான்.

முதலில் வெட்டு. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் 3:2 விகிதத்தில் எடுக்கின்றன. கடைகளில் ரெடிமேடாகக் கிடைக்கும் 8×10, 16×20 அங்குல ஃப்ரேம்கள் 4:5. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000×4000 படத்தை 8×10-இல் அடித்தால் மிஞ்சுவது 5000×4000. பக்கத்துக்கு 500 பிக்சல் போய்விடும். ஓரத்தை ஒட்டிப் பறக்கிற கொக்குக்குச் சிறகு நுனி இருக்காது. 11×14-இலும் கிட்டத்தட்ட இதே கதி. ஏ3, ஏ2 தாள்களில் சேதம் குறைவு. பக்கத்துக்கு 170 பிக்சல் போல. 12×18, 16×24, 20×30, 24×36 போன்ற 3:2 அளவுகளில் எதுவும் போகாது. இந்தக் கணக்கைப் போடாமல் எல்லா அளவையும் டிக் அடித்து விற்பனைக்கு வைப்பதுதான், திரும்பி வரும் பிரிண்டுகளுக்கு முக்கியமான காரணம்.

ஃபைன் ஆர்ட் அமெரிக்கா இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அது படத்தை வெட்டுவதே இல்லை; படத்தின் விகிதம் என்னவோ அதே விகிதத்தில் அளவுகளைக் காட்டும். 3:2 படம் என்றால் 8 அங்குல நீளத்துக்கு அகலம் ஐந்தே கால் சொச்சம். படம் முழுசாக வரும், ஆனால் அந்த மாதிரி அளவுக்கு ரெடிமேட் ஃப்ரேம் கடையில் கிடைப்பது கஷ்டம். அதனால் வாங்குபவர் பெரும்பாலும் ஃப்ரேமையும் அங்கேயே வாங்க வேண்டியிருக்கிறது. தளத்துக்கு அது வருமானம். விற்பவருக்குக் கிடைப்பது பிரிண்டின் அடக்க விலைக்கு மேல் தான் வைத்த லாபத் தொகை. அந்தத் தொகையை நீள வாரியாக நாமே நிர்ணயிக்கலாம். இங்கே பலர் செய்யும் தப்பு, சின்ன அளவுக்கு ஏதோ ஒரு தொகை போட்டுவிட்டு பெரிய அளவுகளுக்கும் அதையே விட்டுவிடுவது. 40 அங்குல பிரிண்டில் 8 அங்குலத்துக்கான லாபம்தான் வரும்.

இன்னொரு விஷயம். ஆர்டர் வந்த பிறகுதான் படத்தை அவர்கள் கூர்ந்து பார்க்கிறார்கள். நிழலில் நாய்ஸ் (மணல் தூவியது போன்ற புள்ளிகள்), வானத்தில் சென்சார் தூசி, அதிகமாக ஏற்றிய ஷார்ப்னெஸ், கோப்பை அதிகமாகச் சுருக்கியதால் வரும் ஜேபெக் கட்டங்கள் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த ஆர்டர் ரத்தாகக்கூடும். ஆகவே ஏற்றும் முன் 100 சதவீதத்தில் பெரிதாக்கி, மூலைக்கு மூலை நகர்த்திப் பார்ப்பது கட்டாயம். திருப்பித் தரும் கெடு 30 நாள். அது முடிந்த பிறகே காசு. வாங்கியவரின் தொடர்பு விவரம் விற்பவருக்கு வராது. அதாவது, மூன்று பிரிண்ட் வாங்கிய ஆளுக்கு நாலாவதைக் காட்ட வழியில்லை. வேலை மிகக் குறைவு, உறவும் மிகக் குறைவு. வைத்துவிட்டு மறந்துவிடத் தோதான இடம். ரெட்பபிளும் இதே ரகம்தான். ஆனால் அங்கே ஸ்டிக்கரும் டி-சர்ட்டும் தேடி வருகிற கூட்டம் அதிகம். 2023-இலிருந்து சாதாரணக் கணக்குகளுக்குத் தனிக் கட்டணமும் பிடிக்கிறார்கள். சுவர்ப் படம் விற்க அதை முதல் கடையாக வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டோம்.

எட்ஸியில் கூட்டம் இருக்கிறது. வாங்கும் எண்ணத்தோடு வருகிற கூட்டம். ஆனால் கட்டணங்கள் அடுக்கடுக்காக வரும். ஒரு பொருளைப் பட்டியலிட 0.20 டாலர், நாலு மாதத்துக்கு. ஒன்று விற்று, அதே பொருள் பட்டியலில் தொடர்ந்தால் மறுபடி 0.20. விற்பனைக் கட்டணம் 6.5 சதவீதம், அதுவும் அனுப்பும் செலவையும் சேர்த்து. பணம் கைமாறும் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். இதற்கு மேல், எட்ஸி வெளியே போடும் விளம்பரம் வழியாக வாங்கியவர் வந்தால் 15 சதவீதம். ஓராண்டில் 10,000 டாலருக்கு மேல் விற்கும் கடைகளுக்கு அது 12 சதவீதம், ஆனால் விலகிக்கொள்ள முடியாது.

கணக்காகப் பார்ப்போம். பிரிண்ட் விலை 100 டாலர், அனுப்ப 12, லேபுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 38, பணம் கைமாறும் கட்டணம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வந்தது 112. அதில் 7.28 எட்ஸிக்கு, 3.92 பணக் கட்டணம், 38 லேபுக்கு. பட்டியலிடும் 0.20-ஐ விட்டுவிட்டால் கையில் 62.80. அதே ஆர்டர் விளம்பரம் வழியாக வந்திருந்தால் இன்னும் 16.80 போய் 46. இந்த 46-ஐ வைத்து விலை போடுங்கள், 62.80-ஐ வைத்து அல்ல. வேறு லேபில் அடித்து அனுப்பினால் அதை ‘தயாரிப்புக் கூட்டாளி’ என்று அறிவிக்க வேண்டும். மறைத்தால் பட்டியலிலிருந்து பொருள் நீக்கப்படலாம். வாங்கியவரின் பெயரும் முகவரியும் தெரியும். ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் விளம்பர மடல் அனுப்பக்கூடாது என்பது விதி. எனவே பாதித் தொடர்புதான். பார்சலுக்குள் தள முகவரி அச்சடித்த ஒரு சின்ன அட்டையை வைக்கலாம், நீங்களே பார்சல் கட்டினால்.

தேடலில் மேலே வர எட்ஸி தருவது 13 டேக் (பொருளோடு இணைக்கும் தேடல் சொற்கள்), ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். 13-ஐயும் நிரப்புங்கள். ‘மௌனம் 3’, ‘மாலைப் பொழுது’ என்கிற தலைப்பெல்லாம் கண்காட்சிச் சுவருக்குச் சரி. தேடுகிறவர் அப்படித் தட்டுவதில்லை. இடத்தின் பெயர், முக்கிய நிறம், படுக்கையா நெடுக்கையா, எந்த அறைக்கு, கறுப்பு வெள்ளையா, எந்த அளவு என்றுதான் தேடுவார்கள். லென்ஸ் பெயரையும் எஃப் நம்பரையும் டேக்கில் போட்டால் வருவது சக ஃபோட்டோகிராஃபர்கள். பாராட்டிவிட்டுப் போவார்கள், வாங்க மாட்டார்கள்.

அறைக்குள் மாட்டியது போல் காட்டும் மாக்-அப் படத்தில் அளவு பொய் சொல்லக்கூடாது. மூன்று பேர் உட்காரும் சோபா ஏறக்குறைய 84 அங்குலம். அதன் மேல் 36 அங்குலப் படம் பாதியைக்கூட நிரப்பாது. பல மாக்-அப்களில் 16×24 பிரிண்ட் சோபா அகலத்துக்கு நிற்கிறது. பெட்டியைத் திறக்கும்போது வாங்கியவர் முகம் எப்படி இருக்கும்? சோபாவின் பிக்சல் அகலத்தை 84-ஆல் வகுத்து, வந்த எண்ணைப் பிரிண்டின் அங்குலத்தால் பெருக்கினால் சரியான அகலம் கிடைத்துவிடும். ஒரு நிமிஷ வேலை.

ஸ்மக்மக் 2002-இலிருந்து இருக்கிறது. அங்கே கூட்டம் கிடையாது, ஆட்களை நாம்தான் கூட்டி வர வேண்டும். சந்தா உண்டு, அடக்க விலைக்கு மேல் வைக்கும் லாபத்தில் 85 சதவீதம் நமக்கு, 15 அவர்களுக்கு. அதை மற்றவற்றிலிருந்து உயர்த்துவது ப்ரூஃப் டிலே என்ற வசதி. ஆர்டர் லேபுக்குப் போகும் முன் சில நாள் நிறுத்தி வைக்கும். வாங்குபவர் 8×10 எடுத்து, கொக்கின் சிறகை அவரே வெட்டித் தொலைத்திருந்தால், அந்த இடைவெளியில் நாம் அந்த வெட்டைச் சரிசெய்யலாம், கோப்பையே மாற்றிக்கூட வைக்கலாம். வெட்டு விஷயத்தில் நாங்கள் பார்த்தவற்றில் இதுதான் புத்திசாலித்தனமான ஏற்பாடு. திருமணம், விளையாட்டு, பள்ளி விழா எடுப்பவர்களுக்கு இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. வாங்குபவர்கள் யார் என்பது படம் எடுக்கும்போதே தெரியும். இயற்கைக் காட்சி விற்பவருக்கு சந்தா வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும் ஆபத்து உண்டு.

நாலாவது வழியில் உழைப்பு அதிகம், ஆனால் இரண்டு கேள்விக்கும் பதில் நம் கையிலேயே இருக்கிறது. எந்த அளவு விற்கிறோமோ அந்த அளவுக்கே கோப்பைத் தனித்தனியாக வெட்டி வைக்கலாம். மின்னஞ்சல் பட்டியலும் நம்முடையது. கெலாட்டோ 32 நாடுகளில் அச்சடிக்கிறது. புரோடிஜிக்கும் பல நாடுகளில் லேப் உண்டு. இது பகட்டு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான பார்சல்களுக்குத் தந்திருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை 2021 ஜூலை 1-இல் எடுத்துவிட்டது. வெளியிலிருந்து போகும் பிரிண்டுக்கு வாசலில் வரி கேட்டால் பலர் வாங்காமல் திருப்பிவிடுகிறார்கள். வாங்குபவர் பகுதியிலேயே அச்சானால் பார்சல் சுங்கத்தில் நிற்காது. வரிக் கணக்கு தனி, அது இருக்கவே இருக்கிறது. குறை என்னவென்றால், ஒரே படம் இரண்டு நாட்டு லேபில் இரண்டு மாதிரி வரலாம். மூன்று படம் சேர்ந்த செட் விற்றால் மூன்றும் ஒரே லேபுக்குப் போகிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போட்டு விற்கவும் இது ஒத்துவராது. லேபிலிருந்து நேரே வாங்குபவருக்குப் போவதால், கையெழுத்து வேண்டுமென்றால் பிரிண்ட் உங்களிடம் வந்து திரும்பப் போக வேண்டும், இரட்டைக் கூலி.

எந்த வழியானாலும் அடிக்கடி வரும் புகார், ‘திரையில் பார்த்ததைவிட இருட்டாக இருக்கிறது’. தப்பு பெரும்பாலும் லேபில் இல்லை, மானிட்டரில். புதிதாக வாங்கிய திரை பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 200 கேண்டெலாவை (வெளிச்சத்தின் அளவு) தாண்டி எரியும். எடிட்டிங்குக்கு 80 முதல் 120 போதும். குறைத்து வைத்துத் திருத்துங்கள். நிழல்களை எவ்வளவு தூக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும். லேப் வேறு ஏதும் கேட்காவிட்டால் கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற முறையில், எந்த முறை என்று சொல்லும் ப்ரொஃபைலை உள்ளே பதித்து. அதைவிட விரிந்த நிற முறையான அடோபி ஆர்ஜிபி-யில் உள்ள கோப்பை ப்ரொஃபைல் இல்லாமல் அனுப்பினால் நிறம் செத்து வரும். பிக்சல் கணக்கு: 6000×4000 படம் அங்குலத்துக்கு 300 வீதம் 20×13, 200 வீதம் 30×20. பெரிய படத்தைத் தள்ளி நின்று பார்ப்பதால் 24×36-க்கு 160, 170 போதும், ஃபோகஸ் நிஜமாகவே கூர்மையாக இருந்தால்.

துணியில் அச்சடித்து மரக்கட்டையில் இழுத்துச் சுற்றும் கேன்வாஸில் தனி வம்பு. ஒன்றரை அங்குலக் கட்டையில் சுற்றுவதற்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 2 அங்குலம் கூடுதலாக வேண்டும். 16×24 கேன்வாஸுக்குக் கோப்பு 20×28. அந்த விகிதம் 3:2 இல்லை, மறுபடி வெட்டு. ஓரத்தில் முக்கியமானது ஏதும் இருந்தால் பக்கங்களுக்கு வெள்ளையோ கண்ணாடி பிம்பமோ தேர்ந்தெடுங்கள். தாள் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை: ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 போன்ற மேட் பருத்தித் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது. இரவுக் காட்சிக்கு லேசான பளபளப்புள்ள பரைட்டா அல்லது லஸ்டர் தாள்.

ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்பதில் சிக்கல் இல்லை. இரவு விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை கோரப்படுகிறது, வணிகத்துக்கு அனுமதி வேண்டும். சிலைகள், சுவரோவியங்கள் இருக்கும் படங்களுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். ‘25 பிரதி மட்டும்’ என்று விற்கும் படத்தை வேறு தளத்தில் வரம்பில்லாமல் வைக்கக்கூடாது. அந்த 25 எல்லா அளவும் சேர்த்தா, அளவுக்கு 25-ஆ என்பதையும் சான்றிதழில் எழுதுங்கள்.

கடையைத் திறக்கும் முன் உங்கள் பெயரிலேயே ஒரு ஆர்டர் போடுங்கள்: ஒரு 16×24, ஒரு 8×10. அடர் நிழலும் வெளிர் வானமும் சேர்ந்த படமாக இருக்கட்டும். பகலில் ஜன்னலருகே பிடித்துப் பாருங்கள். டியூபில் வந்திருந்தால் குழாயின் விட்டம் 3 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, சுருள் இரண்டு நாளில் படிகிறதா, விளிம்பில் பிறை வடிவ மடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிறை, தடித்த தாளை அவசரமாகச் சுருட்டியதன் அடையாளம்; போகவே போகாது. கடைசியாகப் பெட்டியைத் தலைகீழாகத் தட்டுங்கள். லேபின் விலைச்சீட்டு விழுந்தால், உங்களுக்கு அடக்க விலை எவ்வளவு என்று வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தெரியப் போகிறது.