‘வண்டிக்கு வயசாயிடுச்சு’ என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு, தானே துடைத்து, தானே ஆயில் மாற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்யாத வேலைக்கு நான் முழுக் காசும் கொடுத்து ஏமாந்தேன். போன வாரம் அதே பட்டறையைத் தாண்டிப் போனபோது இன்னொரு பழைய வண்டி பானெட்டைத் திறந்தபடி நின்றிருந்தது. ஒருவர் ஆயில் மூடியைக் கழற்றி உட்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எதிரே நின்றவர் கவலையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் நான் நின்ற அதே இடம். நான் வண்டியை ஓரங்கட்டி இறங்குவதற்குள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள். அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன்.

என்னுடையது 1998-ல் செய்த நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் இரும்பு, அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்க ஒரு டைமிங் பெல்ட். பவர் ஸ்டீயரிங் கிடையாது. அதனால்தான் எனக்கு அதைப் பிடிக்கும். சாலையில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூட உள்ளங்கை உணரும். ஆயில், பிளக், பிரேக் பேட், வால்வு இடைவெளி எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். எந்த வேலையை எத்தனையாவது கிலோமீட்டரில் செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். பெரிய வேலைகளை மட்டும் பழைய மெக்கானிக் ஒருவர் செய்துகொடுத்தார். அவர் வயதாகித் தொழிலை விட்டுவிட்டதால்தான் புதிய இடம் தேட வேண்டியதாயிற்று.

பிரச்சினை சின்னதாகத்தான் ஆரம்பித்தது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறும். நிறுத்திவிட்டு மறுநாள் பார்த்தால் ரேடியேட்டரில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒரு டம்ளர் அளவுக்குக் குறைந்திருக்கும். கீழே சொட்டிய தடம் இல்லை. ஃபேன் சரியான நேரத்தில் சுற்றியது. சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு போட்டுச் சூடாக்கிப் பார்த்தேன். அதில் 82 என்று குத்தியிருந்தது, அந்தச் சூட்டை ஒட்டியே திறக்க ஆரம்பித்தது. இதற்கு மேல் பெரிய வேலையாக இருக்கும் என்று பயந்துதான் அந்தப் பட்டறைக்குப் போனேன்.

நான் சொன்னதை அவர் முழுதாகக் கேட்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உட்பக்கம் ஒட்டியிருந்த வெண்ணெய் மாதிரியான பசையை விரலால் வழித்துக் காட்டினார்.

“பாருங்க சார், ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. வண்டிக்கு வயசாயிடுச்சு இல்ல?”

பார்த்ததும் வயிறு கலங்கியது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற தகடு போனால் ஆயிலும் கூலன்ட்டும் கலந்து பால் நிறத்துக்கு மாறும் என்று எனக்கும் தெரியும். அவர் காட்டியது அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தப் பசை எப்படி வருகிறது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 900 எம்எல் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே இறங்கும் கொஞ்சம் ஆவி, இன்ஜின் நன்றாகச் சூடாகவில்லை என்றால், குளிர்ந்த வால்வு கவரிலும் ஆயில் மூடியிலும் படிந்து ஆயிலோடு சேர்ந்து பசையாகிவிடும். வாரத்தில் ஒரு நாள், அதுவும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் இது சாதாரணம். நம்மைப் போன்றவர்கள் ஓட்டும் வண்டிகள் பலவும் அப்படிப்பட்டவைதானே. கூலன்ட் உண்மையிலேயே ஆயிலில் இறங்கியிருந்தால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினாலே தெரியும், அடியில் இருக்கும் ஆயிலும் பால் கலந்த மாதிரி மாறியிருக்கும். அவர் டிப்ஸ்டிக்கைத் தொடவே இல்லை. நானும் உருவச் சொல்லவில்லை.

சரி, செய்யுங்கள் என்றேன். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க) வேண்டும், புது ஹெட் போல்ட் பத்து, புது கேஸ்கெட், எப்படியும் கழற்றுவதால் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கடைசியில் 5 லிட்டர் கூலன்ட் என்று வரிசையாகச் சொன்னார். நியாயமான பட்டியல்தான், உண்மையாகவே ஹெட்டைக் கழற்றுகிறவர் இதைத்தான் சொல்வார். ஆனால் எல்லாமே வாய்ப்பேச்சு, தாளில் ஒரு வரி இல்லை.

பதினோரு நாள் கழித்து வண்டி கிடைத்தது. வால்வு கவர் பளபளவென்று வெள்ளி நிறப் பெயின்ட்டோடு இருந்தது. பில்லில் ‘இன்ஜின் ஒர்க்’ என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. பழைய கேஸ்கெட்டைக் கேட்டேன். மடித்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, கயிறு கட்டிக் கொடுத்தார். அப்படியே டிக்கியில் போட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதும்போதுதான் கவனித்தேன்: விடும்போது 1,84,212 கிலோமீட்டர், எடுக்கும்போது 1,84,377. போன் செய்தேன். “டெஸ்ட் டிரைவ் சார்” என்றார். 165 கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவ்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் முள் மறுபடி ஏறியது. அதே நெரிசல், அதே அளவு. திரும்பக் கொண்டுபோனேன். “பழைய வண்டி சார், ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு வரும்” என்று சொல்லி, அடுத்து ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார். இந்த முறை யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

நண்பர் ஒருவர் தனியாகச் சின்னக் கொட்டகையில் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். எப்போது ஏறுகிறது, ஓடும்போதா நிற்கும்போதா, ஹீட்டர் போட்டால் இறங்குகிறதா, மேல் ஹோஸ் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே கல்லு மாதிரி ஆகிவிடுகிறதா. அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கம்ப்ரஷன் பார்த்தார்: 175, 172, 170, 176 பிஎஸ்ஐ. நாலும் ஒன்றுக்கொன்று ஒட்டியே இருந்தன. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, அதில் நீல மருந்து ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு ரப்பர் பந்தை அழுத்தினார். எரிந்த புகை கூலன்ட்டுக்குள் கசிந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீலத்தை மஞ்சளாக்கிவிடும். கடைசிவரை நீலமாகவே இருந்தது.

“கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு தம்பி. மாத்துனதா சொன்னீங்களே?” என்று கேட்டபடி விளக்கை எடுத்து இன்ஜினைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னையும் குனியச் சொன்னார்.

ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டைக் காட்டினார். இருபது வருட எண்ணெய் அழுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே தோலாக, எங்கேயும் விரிசல் இல்லாமல் அந்தக் கோட்டை மூடியிருந்தது. புதிதாகப் போட்ட கேஸ்கெட்டின் ஓரம் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் நட்டுகள் துரு ஏறிப் பொடிந்த நிலையில் இருந்தன, ஒன்றில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அந்த நட்டுகளைக் கழற்றாமல் முடியாது. வால்வு கவரின் ஓரத்தில் மட்டும் புது சிலிக்கான் பிதுங்கியிருந்தது. கவரைத் திறந்தார். பத்து போல்ட்டின் தலையிலும் பழுப்பேறிய வார்னிஷ் கலையாமல் இருந்தது. ஹெட்டைக் கழற்றவே இல்லை.

அடுத்து டைமிங் கவரின் மேல்பாதி. அதைத் திறந்தபோது எனக்குக் கை நடுங்கியது உண்மை. நாலு வருடத்துக்கு முன்னால் பழைய மெக்கானிக் பெல்ட் மாட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். பல்சக்கரத்தின் குறிக்கு நேராக அவர் பெல்ட்டில் வெள்ளைப் பெயின்ட்டால் இரண்டு கோடு போட்டார். அந்த இரண்டு கோடும் அப்படியே இருந்தன.

பணம் போனதைவிட இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. புது பெல்ட் என்று நம்பி நான் நோட்டில் தேதி போட்டுவிட்டேன். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இன்னும் பல வருடம் நிம்மதியாக ஓட்டியிருப்பேன். என் இன்ஜின் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வில் மோதுகிற வகை. வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனே உடையும். வேகமாகப் போகும்போது அறுந்தால் சாலை நடுவில் இன்ஜின் நின்றுவிடும். நான் தனியாக மட்டும் அந்த வண்டியில் போவதில்லை, மகளும் வருவாள். செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்கிறவர்கள் இதைத் திருட்டு என்று மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவரின் பராமரிப்புக் கணக்கில் பொய்யை எழுதுவது திருட்டைவிட மோசமானது.

அப்போதுதான் டிக்கியில் கிடந்த பொட்டலம் ஞாபகம் வந்தது. பெரியவர் கயிற்றை அறுத்து, மடிப்பைப் பிரித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “உங்க வண்டி நாலு சிலிண்டர்தானே தம்பி?” என்றார். கேஸ்கெட்டில் சிலிண்டருக்கான பெரிய ஓட்டை மூன்றுதான் இருந்தது.

சரி, உண்மையில் என்னதான் கோளாறு? ரேடியேட்டர் மூடி. கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டரில் மாட்டிப் பார்த்தார். மூடியின் மேல் 0.9 பார் என்று எழுதியிருந்தது, ஆனால் 0.3 பாரிலேயே காற்றை விட்டுவிட்டது. சாதாரண நிலையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் கூடுதல் அழுத்தத்தில் 118 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். 0.3 பார் என்றால் 107-லேயே கொதித்துவிடும். கூலன்ட் கலந்தால் இதெல்லாம் இன்னும் சில டிகிரி மேலே போகும். நெரிசலிலும், இன்ஜினை நிறுத்தியதும் சூடு உள்ளேயே தேங்கும் அந்தச் சில நிமிடங்களிலும் என் வண்டி அந்த எல்லையைத் தொட்டு, கூலன்ட்டை பக்கத்து பாட்டிலுக்குத் தள்ளி, அங்கிருந்து ஆவியாக்கியிருக்கிறது. மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வும் ஒட்டிக்கொண்டதால், ஆறும்போது பாட்டிலில் இருந்து திரும்ப இழுக்கவும் இல்லை. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. வாரா வாரம் அந்த மூடியைத் திறந்து மூடியது நான்தான். தெர்மோஸ்டாட்டைச் சோதித்த எனக்கு மூடியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. கூலிங் சிஸ்டத்திலேயே விலை குறைந்த பொருள்களில் அது ஒன்று.

ரேடியேட்டரில் இருந்ததும் கூலன்ட் இல்லை. திறந்துவிட்டபோது துருப்பிடித்த வெறும் தண்ணீர் வந்தது. நான் ஊற்றி வைத்திருந்த நல்ல கூலன்ட்டையும் எடுத்துவிட்டார்கள். அலுமினிய ஹெட்டுக்கு அரிப்புத் தடுப்பு இல்லாத தண்ணீர் எவ்வளவு கெடுதல் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

படங்களோடு திரும்பப் போனேன். “அதை வேற பையன் பார்த்தான்” என்றார்கள். பிறகு பழைய வண்டிக்கு எந்த கேரண்டியும் இல்லை என்றார்கள். பில்லில் ஒரே வரி இருந்ததால் எதைச் செய்யவில்லை என்று என்னால் தாளில் காட்ட முடியவில்லை. மூன்று ஓட்டை கேஸ்கெட்டை மேசையில் விரித்த பிறகுதான் மூன்றில் ஒரு பங்கு பணம் திரும்பி வந்தது. பட்டறையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பழைய வண்டி உள்ளே வந்தாலே இப்படிப் பேசுகிற இடங்கள் இன்னும் இருக்கும், பெயர் தெரிந்தால் அதை மட்டும் தவிர்த்துவிட்டு மற்ற இடத்தில் கவனம் தளர்ந்துவிடுவோம்.

இப்போது நான் செய்வது இதுதான். வேலைக்குக் கொடுக்கும் முன்னால் போல்ட் தலைகளையும் நட்டுகளையும் போன் கேமராவில் நெருக்கமாகப் படம் எடுக்கிறேன். மாற்றப்போகிற பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரமாக ஒரு பொட்டுப் பெயின்ட் வைக்கிறேன். ஓடோமீட்டரையும் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுகிறேன். பாகம் பாகமாக, பார்ட் நம்பரோடு பில் கேட்கிறேன். பழைய பாகத்தைப் பொட்டலமாக வாங்குவதில்லை, அங்கேயே பிரித்துப் பார்க்கிறேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ‘வயசாயிடுச்சு’ என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேட்கிறேன். கம்ப்ரஷன் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு நேரம் நின்றது? எண் சொல்ல முடிந்தவரிடம்தான் மேற்கொண்டு பேச்சு. நேர்மையான மெக்கானிக் யாரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. பெரியவர் சந்தோஷப்பட்டார்.

புது மூடி போட்டு, இரண்டு முறை கழுவிவிட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். அதற்குப் பிறகு முள் பாதிக்குக் கீழேயே நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு இரண்டு மணி நேரம், பாதி தூரம் நெரிசலில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். மறுநாள் பார்த்தபோது பாட்டிலில் அளவு அதே கோட்டில் இருந்தது. நோட்டில் டைமிங் பெல்ட் மாற்றியதாக எழுதிய வரியை அடித்துவிட்டேன். பெல்ட்டும் வாட்டர் பம்பும் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் பெரியவர் மாட்டுகிறார். அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன், கூடவே நிற்பதற்கு.