9900 என்று எழுதிய பேட்டரியை வாங்கிவிடாதீர்கள்

யாங்கோன் தாம்வேயில் எங்கள் தெருவுக்கு முறை வைத்துத்தான் கரண்ட் வருகிறது. அக்கா மகன் பரீட்சைக்குப் படிக்கிறான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண் எரிகிறது மாமா என்றான். சரி, அவனுக்கு எலக்ட்ரானிக்ஸும் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கும் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு எமர்ஜென்சி லைட் செய்தோம். எல்.இ.டி, டிபி4056 சார்ஜர் போர்டு, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி. சாமான் அவ்வளவுதான்.

பேட்டரி வாங்கியது யாங்கோன் டவுனில், நம்மவர் கடையில். மேலே பெரிதாக 9900 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தது. எம்.ஏ.எச். என்றால் மில்லி ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு. 1000 இருந்தால் 1 ஆம்பியரை ஒரு மணி நேரம் தரும். "அண்ணே, இவ்வளவு நிற்குமா?" என்று கேட்டேன். "புது மாடல் தம்பி" என்று மீட்டரை வைத்துக் காட்டினார். 4.1 வோல்ட். பழகிய கடை என்று நம்பி இரண்டு வாங்கினேன்.

லைட் இழுத்தது 0.8 ஆம்பியர். எழுதியது உண்மையென்றால் பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும். ஐம்பதாவது நிமிடத்தில் அணைந்துவிட்டது. இரண்டாவது பேட்டரியும் அப்படியே. கணக்குப் போட்டால் 700 எம்.ஏ.எச்.கூட வரவில்லை. அப்புறம் தெரு முனை நகைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 27 கிராம். பழைய லேப்டாப்பில் இருந்து எடுத்த அதே அளவு செல் 46 கிராம்.

18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். இந்த உருளைக்குள் நல்ல கம்பெனிகளே 3500-ஐ ஒட்டித்தான் அடைக்கிறார்கள். 9900 என்பது சுத்தப் பொய். மீட்டரில் தெரிந்த 4.1 வோல்ட் பொய்யில்லை, ஆனால் அதை வைத்துக் கொள்ளளவைச் சொல்ல முடியாது. செம்பிலும் விளிம்புவரை தண்ணீர் நிற்கும், குடத்திலும் நிற்கும். வோல்ட் காட்டுவது விளிம்பை. எவ்வளவு நேரம் எரியும் என்பது பாத்திரத்தின் கொள்ளளவு.

பணம் போனதைவிட எனக்குப் பயம் தந்தது சூடு. சார்ஜில் போட்டிருந்தபோது பேட்டரியைத் தொட முடியவில்லை. அந்தப் போர்டில் 122 என்று எழுதிய கடுகளவு ரெசிஸ்டர் ஒன்று உண்டு. 12-க்குப் பின் இரண்டு சைபர், அதாவது 1200 ஓம். சார்ஜ் கரண்டை 1 ஆம்பியருக்கு வைப்பது அதுதான். நல்ல செல் அதைத் தாங்கும். 700 எம்.ஏ.எச். செல்லுக்குள் 1 ஆம்பியரைத் திணித்தால் கொதிக்காமல் என்ன செய்யும்? பையன் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று யாரும் அறுத்துப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "சார்ஜ் போடத் தெரியாமல் கெடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்" என்றார், பையன் எதிரிலேயே. பணமும் தரவில்லை, மாற்றியும் தரவில்லை.

வாங்கும்போது தராசு கேளுங்கள். 40 கிராமுக்குக் கீழே இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். தராசு தரமாட்டேன் என்றாலும் அப்படியே.

இப்போது அந்த லேப்டாப் செல்லைத்தான் போட்டிருக்கிறோம். ரெசிஸ்டரையும் 2000 ஓமாக மாற்றியாயிற்று. சார்ஜ் கரண்ட் 580 மில்லி ஆம்பியர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. லைட் இரண்டு மணி நேரம் தாண்டி எரிகிறது, செல் சூடாகவில்லை.